ராட்டினத்துக்குப் பெயின்ற் கடைசி வேலை: கடற்காற்றில் பழசான விளையாட்டு இயந்திரங்களை எப்படிப் பார்ப்பது

கேள்வி இதுதான். யாழ்ப்பாணத்தில் கடலுக்கு அரைக் கிலோமீட்டருக்குள் ஒரு சிறுவர் பூங்கா. 12 கூடுகள் தொங்கும் ராட்டினம், பைபர் குதிரைகள் சுற்றும் குதிரை ராட்டினம், சங்கிலிக் கதிரை, ஆடும் கப்பல் என நான்கு இயந்திரங்கள். எல்லாவற்றுக்கும் 20 வயது இருக்கும். பாவித்த சாமானாக வாங்கியவை, தயாரித்தவர்களின் கையேடு கிடையாது. "எல்லாம் ஓடுது, கொஞ்சம் கறள்தான் இருக்கு. நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னம் வடிவாப் பெயின்ற் அடிச்சு விட்டால் இன்னும் பத்து வருசம் ஓடாதோ?"

ஓடலாம், ஓடாமலும் போகலாம். எது என்பதைப் பெயின்ற் சொல்லாது, மறைக்கத்தான் செய்யும். வெடிப்பு இருக்கும் இடத்தில் பெயின்ற் கோடு விட்டிருக்கும், அந்தக் கோட்டின் ஓரத்தில் கறள் நீர் வழிந்த அடையாளம் இருக்கும். அதன்மேல் புதுப் பூச்சு விழுந்தால் கிடைத்த ஒரே தடயமும் போய்விடும். ஆகவே இப்போது ஒரு டின் பெயின்றும் வாங்க வேண்டாம். முதலில் மூடியிருக்கும் இடங்களைத் திறந்து பாருங்கள்.

வயதை வருடத்தில் எண்ணுவதை விட்டுச் சுற்றில் எண்ணிப் பாருங்கள். ராட்டினம் நிமிடத்துக்கு 4 சுற்று, நாளுக்கு உண்மையில் ஓடும் நேரம் 3 மணித்தியாலம் என்றால் 720 சுற்று. வருடத்துக்கு 200 நாள் ஓடினால் 1,44,000. இருபது வருடத்தில் ஏறக்குறைய 29 இலட்சம். கூடு எப்போதும் கீழ்நோக்கித்தான் தொங்குகிறது, ஆனால் அதைத் தாங்கும் கை சுற்றிக்கொண்டே இருப்பதால் கையின் வெல்டிங் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை இழுபட்டு ஒரு தடவை அமுக்கப்படுகிறது. கப்பலில் கணக்கு இன்னும் கடுமை. 6 மீட்டர் கை ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 5 விநாடி எடுக்கும், அதில் இரண்டு முறை அடிப்புள்ளியைக் கடக்கும். மூன்று நிமிட ஓட்டத்தில் 70 இழுப்பு. நாளுக்கு 30 ஓட்டம், வருடத்துக்கு 200 நாள் என்றால் 20 வருடத்தில் 84 இலட்சம். வெல்டிங் மூட்டுகளின் களைப்பு வலிமையை (திரும்பத் திரும்ப இழுபட்டாலும் வெடிக்காமல் தாங்கும் அளவை) பொறியியலாளர்கள் குறிப்பதே 20 இலட்சம் சுற்றை அடிப்படையாக வைத்துத்தான். உங்கள் சாமான்கள் அந்தக் கல்லை எப்போதோ தாண்டிவிட்டன. தாண்டியதால் உடைந்துவிடும் என்று சொல்ல வரவில்லை, அங்கே வெடிப்பு இருக்கக்கூடும் என்று நினைத்தே பார்க்க வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டன.

இதோடு உப்பு சேர்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் அடிக்கும்போது இரும்பின் மேல் படியும் உப்பு இரவில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், மழை பெய்யாவிட்டாலும் கறள் வளரும். வெளிப்பக்கக் கறள் அசிங்கமே தவிர ஆபத்து குறைவு, கண்ணில் படுகிறது, சுரண்டலாம். குழாய்க்குள்ளும் பெட்டிக் கம்பிக்குள்ளும் இருக்கும் கறள்தான் ஆளைக் கொல்வது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் 2017 ஜூலை 26 அன்று "ஃபயர் போல்" என்ற ஆடும் இயந்திரத்தின் ஒரு வரிசை இருக்கைகள் ஓட்டத்தின் நடுவே பிய்ந்து பறந்தன. ஒருவர் அங்கேயே இறந்தார், ஏழு பேர் காயப்பட்டார்கள். இருக்கைகளைத் தாங்கிய கையின் உட்பக்கத்தைக் கறள் பல வருடமாகத் தின்று சுவரை மெல்லியதாக்கியிருந்தது என்று தயாரிப்பாளர் பிறகு அறிவித்தார். இயந்திரத்துக்கு வயது 18. திறப்பதற்கு முன் பரிசோதித்து அனுமதியும் கொடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரிந்திராது.

ஆகவே குழாய்களில் தொடங்குங்கள். கப்பலின் கைகள், ராட்டினத்தின் ஆரக் கைகள், சங்கிலிக் கதிரையின் மேற்குடை, குதிரை ராட்டினத்தின் அடிச்சட்டம் ஆகிய ஒவ்வொன்றிலும் தண்ணீர் எங்கே தேங்கும் என்று பாருங்கள். கையை எந்த நிலையில் நிறுத்தி வைக்கிறீர்களோ அந்த நிலையில் ஆகக் கீழே இருக்கும் மூலைதான் இடம். அங்கே வடிதுளை இருந்தால் ஒரு கம்பியை விட்டு அடைப்பை எடுங்கள். பழுப்புத் தண்ணீரோ செதில் செதிலாகக் கறளோ விழுந்தால் அந்தக் குழாயைச் சந்தேகப் பட்டியலில் எழுதுங்கள். துளையே இல்லாவிட்டால் கண்டபடி துளைக்க வேண்டாம். மூட்டின் வெல்டிங்கிலிருந்து ஒரு குழாய் விட்டமாவது தள்ளி, பொறியியலாளர் காட்டும் இடத்தில் 10 மி.மீ. துளை ஒன்று போதும், விளிம்பை அரத்தால் மழுக்கிவிட வேண்டும். கைபேசியில் செருகும் பாம்புக் கமரா ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. 5.5 அல்லது 8 மி.மீ. தலை அந்தத் துளைக்குள் போகும். படம் எடுத்துத் திகதியோடு வைத்திருங்கள்.

சுத்தியலால் தட்டிப் பார்ப்பது பழைய முறை என்று ஒதுக்க வேண்டாம். அரைக் கிலோச் சுத்தியலால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டு போனால் நல்ல இடம் மணிபோலக் கேட்கும், தின்னப்பட்ட இடம் தகரம்போல அடைத்துக் கேட்கும். ஆனால் அது சந்தேகத்தைக் காட்டும், அளவைக் காட்டாது. அளவுக்கு அல்ட்ராசோனிக் தடிப்புமானி வேண்டும். உருக்குக்கு ஒலிவேகத்தை விநாடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டரில் வைத்து, அளக்கும் இடத்தில் பெயின்றைச் சுரண்டி, ஜெல் பூசி அளக்க வேண்டும். சாதாரண மானி பெயின்றையும் சேர்த்து எண்ணி இரும்பு தடிப்பாக இருப்பதாகக் காட்டிவிடும், பலர் ஏமாறும் இடம் இது. தண்ணீர் தேங்கும் மூலையைச் சுற்றி 50 மி.மீ. இடைவெளியில் எட்டுப் புள்ளியாவது எடுங்கள். அதே குழாயின் உயரமான, உலர்ந்த பகுதியில் எடுத்த அளவை மூல அளவாக வைத்துக்கொள்ளலாம். 4 மி.மீ. குழாய் 3.6க்கு வந்திருந்தால் எழுதி வைத்து ஆறு மாதத்தில் திரும்ப அளக்கவும். 3.2 என்றால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடம் கணக்குப் பார்க்கக் கொடுக்கவும். இது கைவிதிதான். ஒரு மூட்டுக்கு 10 விழுக்காடு மெலிவதே அதிகமாக இருக்கும், இன்னொன்று 30 விழுக்காடு மெலிந்தாலும் தாங்கும். அதைச் சொல்ல வேண்டியவர் கணக்குப் போடுபவர், பெயின்ற்காரரோ வெல்டிங்காரரோ அல்ல.

வெடிப்புத் தேட மலிவான வழி சிவப்புச் சாயப் பரிசோதனை. சுத்தம் செய்யும் திரவம், சாயம், வெள்ளைப் பொடி என மூன்று ஸ்பிரே டின். முறை எளிது, பிழை விடவும் எளிது. வெல்டிங்கைச் சுற்றி 25 மி.மீ. அகலத்துக்குப் பெயின்றை இரசாயனத்தால் எடுங்கள். கிரைண்டரால் அராவினால் இரும்பு வெடிப்பின் வாயில் பூசப்பட்டு அது மூடிக்கொள்ளும். திரவத்தால் துடைத்துக் காயவிட்டு, சாயத்தை அடித்து 10 முதல் 15 நிமிடம் விடவும். பிறகு திரவத்தில் நனைத்த துணியால் துடைக்கவும். இடத்தின் மேல் நேரே திரவத்தை அடித்தால் வெடிப்புக்குள் போன சாயமும் கழுவுப்பட்டுப் போகும். வெள்ளைப் பொடியை 25 செ.மீ. தள்ளி நின்று மெல்லியதாக அடித்து 10 நிமிடம் காத்திருந்தால் வெடிப்பு இருந்த இடத்தில் சிவப்புக் கோடு எழும். இந்தச் சாயங்கள் பொதுவாக 10 முதல் 50 பாகை வரைக்குத்தான். சித்திரை வெயிலில் நடுப்பகல் இரும்பு அதைத் தாண்டிவிடும், சாயம் காய்ந்து ஒன்றும் காட்டாது. காலை எட்டு மணிக்குள் செய்துவிடுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: கப்பலின் கை மேலே தொங்கு அச்சைச் சந்திக்கும் மூட்டு, அதே கை கீழே உடலைச் சந்திக்கும் மூட்டு, ராட்டினக் கூட்டின் தொங்குகாது, நடு அச்சில் ஆரக் கைகள் பூட்டப்படும் தட்டு, கதிரைச் சங்கிலி மாட்டும் வளையம். இவற்றோடு, யாராவது பிறகு வெல்டிங் பிடித்த அத்தனை இடங்களும். கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பாருங்கள். பாவித்து வந்த இயந்திரத்தில் ஆக மோசமான பகுதி பெரும்பாலும் முந்தைய திருத்தமே. வெடிப்பின் மேல் ஒரு தகட்டை வைத்து நாலு பக்கமும் ஒட்டிவிட்டுப் பெயின்ற் அடித்திருப்பார்கள். அடியில் வெடிப்பு அப்படியே வளர்ந்துகொண்டிருக்கும், தகட்டின் ஓரத்தில் புதிதாக ஒன்றும் தொடங்கியிருக்கும்.

திருத்துவதென்றால் வெடிப்பை முழுவதுமாகக் குடைந்து எடுக்க வேண்டும். முனை எங்கே என்பதைச் சாயத்தால் கண்டுபிடித்து, அதற்குச் சற்று அப்பால் ஒரு சிறு துளை போட்டு நிறுத்திக்கொண்டு, அடிவரை குடைந்து, திரும்பச் சாயம் போட்டு ஒன்றும் மிச்சமில்லை என்று பார்த்த பிறகே நிரப்பலாம். சாதாரண கேற் வேலைக்குப் பாவிக்கும் 6013 றொட் இதற்குச் சரிவராது. 7018 வேண்டும், அதுவும் காய்ந்ததாக. திறந்து வைத்த பெட்டியில் கடற்காற்றின் ஈரத்தை இழுத்த றொட் வெல்டிங்குக்குள் ஐதரசனை விட்டு, மறுநாள் தானாக வெடிக்கும். 300 பாகைக்கு மேல் ஒன்றிரண்டு மணித்தியாலம் சூளையில் வைத்து எடுத்த றொட்டைச் சூட்டோடு பாவிக்க வேண்டும். அச்சிலும் பின்னிலும் வெல்டிங் கூடவே கூடாது, புதிதாகக் கடைந்து போடுங்கள். இன்னொன்று, வெல்டிங் ஏர்த் கிளிப்பை வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். அடிச்சட்டத்தில் மாட்டிவிட்டுக் கூட்டில் ஒட்டினால் மின்சாரம் பெயரிங் வழியாகத்தான் திரும்பும், உருளைகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். வெல்டிங் நன்றாக அமைந்து, மூன்று மாதத்தில் பெயரிங் கரகரக்கத் தொடங்கினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

பின்கள், போல்ற்கள் விடயத்தில் கடைக்காரரின் பேச்சை நம்ப வேண்டாம். தலையில் 8.8 என்ற வலிமைத் தரம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பொறிப்பே இல்லாத போல்ற் கூரை வேலைக்குரியது. "கறள் பிடிக்காது" என்று ஸ்ரெயின்லெஸ் போல்ற் போடும் பழக்கம் கடற்கரைப் பக்கம் நிறைய. கடையில் கிடைக்கும் ஏ2-70 வகை 450 மெகாபாஸ்கலில் நீளத் தொடங்கும், 8.8 வகை 640 வரை தாங்கும். பார்க்க மினுங்கும், தாங்குவது மூன்றில் இரண்டு பங்குதான். சூட்டுத் துத்தநாகம் பூசிய 8.8 போல்ற் எடுங்கள். இறுக்கும் அளவு, மெல்லிய ஒயில் பூசிய 8.8க்குச் சுமாராக, எம் 12 (12 மி.மீ. விட்டம்) என்றால் 80, எம் 16 என்றால் 200, எம் 20 என்றால் 400 நியூட்டன் மீட்டர். செம்புக் கிறீஸ் பூசினால் உராய்வு குறைவதால் காற்பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். ரோர்க் ஸ்பானர் இல்லாவிட்டால் ஒரு மீட்டர் நீளக் கைபிடியின் நுனியில் பயணப்பை நிறுக்கும் தராசைக் கொழுவி 20 கிலோ காட்டும்வரை இழுங்கள், அது ஏறக்குறைய 200. இறுக்கியபின் நட்டிலிருந்து தட்டுவரை ஒரு மஞ்சள் கோடு போட்டுவிடுங்கள். கோடு முறிந்திருந்தால் நட் அசைந்திருக்கிறது என்பது பத்தடி தள்ளி நின்றாலே தெரியும். நைலோன் நட்டும் கொட்டர் பின்னும் ஒருமுறைப் பாவனைச் சாமான். கழற்றினால் எறிந்துவிடுங்கள், நிமிர்த்தித் திரும்பப் போடுவது பழக்கமாகிவிட்டால் ஒரு நாள் அது கூட்டோடு விழும்.

கூட்டின் தொங்குபின்களை வருடத்துக்கு ஒருமுறை உருவி எடுக்காமல் பார்க்க வழியே இல்லை. 25 மி.மீ. பின்னில் அரை மி.மீ. தேய்ந்தாலே மாற்றலாம், பின் மலிவு. தேய்வு ஒரு பக்கமாகக் குழிவாக இருந்தால் துளையும் முட்டை வடிவாகியிருக்கும், புஷ்ஷும் மாற வேண்டும். லேத்தில் புதுப் பின் கடையக் கொடுக்கும்போது கட்டடக் கம்பியிலோ பெயர் தெரியாத பழைய அச்சிலோ கடையாமல், வகை தெரிந்த உருக்கை நீங்களே வாங்கிக் கொடுங்கள். விட்டம் மாறும் தோளில் கூர் மூலை விடாமல் வளைவாகக் கடையச் சொல்லுங்கள். களைப்பு வெடிப்பு தொடங்குவது அந்த மூலையில்தான். நியூயோர்க்கின் கோனித் தீவில் 1920 முதல் சுற்றும் வொண்டர் வீலில் பருவம் முடிந்ததும் 24 பெட்டிகளையும் கழற்றி இறக்கி வைத்துவிடுவார்கள். நூறு வருடம் தாண்டி ஓடுவதில் அந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

ராட்டினத்தின் நடு அச்சுப் பெயரிங்கைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு: கையை வைத்துப் பார்த்தால் சூடாக இல்லை, ஆகவே நல்லது என்று. நிமிடத்துக்கு 4 சுற்றில் எந்தப் பெயரிங்கும் சூடாகாது, உடைந்துகொண்டிருந்தாலும் குளிர்ந்தே இருக்கும். கிறீஸைத்தான் பார்க்க வேண்டும். சிறிது எடுத்து விரல்களுக்கிடையில் தேயுங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, செம்பழுப்பென்றால் கறள், வெயிலில் மினுங்கினால் உலோகத்தூள். ஒரு காந்தத்தைக் கடதாசியில் சுற்றிக் கிறீஸில் தோய்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வேகமாகச் சுற்றும் மோட்டர் பெயரிங்கில் அரைவாசிக்கு மேல் கிறீஸ் அடைத்தால் சூடாகிப் பழுதாகும். மெதுவாகச் சுற்றும் இந்தப் பெயரிங்கில் நேர்மாறு, பெயரிங் உறையை முழுவதும் நிரப்பி வைப்பதே நல்லது, தண்ணீருக்கு இடமே இருக்காது. மாரிக்கு முன் புரட்டாதியில் பழையது வெளியே தள்ளப்பட்டுப் புதுக் கிறீஸ் ஓரத்தில் எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள், அடிக்கும்போது சில்லை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். கல்சியம் சல்போனேற் வகைக் கிறீஸ் உப்புத் தண்ணீருக்கு ஈடு கொடுக்கும், விலை அதிகமானாலும் இங்கே பொருந்தும். வேறு வகையோடு கலக்காமல் பழையதைத் துடைத்துவிட்டு மாறவும்.

ஆரங்களை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் இருந்தால் ஒரே நீளமுள்ளவற்றை மரக்கட்டையால் தட்டுங்கள். ஒரே சுருதியில் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் தொய்ந்து கேட்டால் அதன் பக்கத்துக் கம்பிகள் அதன் பாரத்தையும் சுமக்கின்றன. உருக்குக் கயிறென்றால் ஒரு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி கயிற்றை ஒருமுறை சுற்றிவரும் நீளம்) 2 இழைகளுக்கு மேலோ, நுனிப் பிடிமானத்தில் 1 இழைக்கு மேலோ அறுந்திருந்தால் மாற்றுங்கள். நுனியில் போடும் யூ கிளிப்பின் அடிக்கட்டை பாரம் தாங்கும் பக்கத்திலும், யூ வளைவு மடித்துவிட்ட குட்டைப் பக்கத்திலும் இருக்க வேண்டும். மாறிப் போட்டால் பாரம் தாங்கும் கயிற்றை யூ நசுக்கிவிடும். 12 மி.மீ. கயிற்றுக்கு 3 கிளிப், 75 மி.மீ. இடைவெளி. பாரம் ஏற்றி ஒருமுறை ஓட்டியபின் திரும்ப இறுக்கவும்.

கப்பலில் வீச்சைக் கூட்டச் சொல்லிச் சனம் கேட்கும். 45 பாகைக்கு வீசினால் அடிப்புள்ளியில் பாரம் ஏறக்குறைய 1.6 மடங்கு, 60 பாகைக்கு வீசினால் 2 மடங்கு. பழைய கப்பலை 45க்குக் கட்டுப்படுத்துவது ஒரு சதமும் செலவில்லாத பராமரிப்பு. அதன்மேல் போகாதபடி எல்லைச் சுவிச் வையுங்கள், ஓட்டுபவரின் மனதில் விட வேண்டாம். சங்கிலிக் கதிரையும் இதே கதை: 30 பாகைக்கு விரிந்தால் சங்கிலியில் பாரம் 1.15 மடங்கு, 45க்கு 1.4 மடங்கு. சங்கிலி வளையம் மற்ற வளையத்தோடு உரசும் உட்புறத்தில்தான் தேயும், தொங்கவிட்டுப் பார்த்தால் தெரியாது. தளர்த்தி, வளையத்தைத் திருப்பி, வேர்னியரால் அளக்கவும். 8 மி.மீ. கம்பி 7.2க்கு வந்தால் முழுச் சங்கிலியும் போக வேண்டும், அந்த ஒரு வளையத்தை வெட்டி இணைப்பது வேலைக்காகாது. ஒவ்வொரு கதிரைக்கும் பிரதான சங்கிலியை நம்பாத தனி இரண்டாவது பிடிமானம் கட்டாயம். இரண்டும் ஒரே போல்ற்றில் மாட்டியிருந்தால் அதை இரண்டாகக் கணக்கெடுக்கக் கூடாது. மோட்டரிலிருந்து ஓடும் றோலர் செயினுக்கு வேறு அளவு: முக்கால் அங்குலச் செயினில் 12 கண்ணி புதிதில் 228.6 மி.மீ., அது 235க்கு வந்தால் செயினையும் பற்சில்லையும் சேர்த்து மாற்றவும்.

கப்பலை அடியிலிருந்து தள்ளும் ரயருக்குத் தேய்வைவிட வயதும் வெயிலும் எதிரி. பக்கச்சுவரில் வெடிப்பு, மேல் கண்ணாடிபோல மினுக்கம், இரண்டில் ஒன்று இருந்தால் மாற்றவும். அதே ரயர்தான் பிறேக்காகவும் வேலை செய்கிறது என்றால் தூறல் விழும்போது கப்பலை ஓட்ட வேண்டாம்.

குதிரைகள் சுலபம். பைபர் வேலை தெரிந்த படகுக்காரர் கரையோரம் எங்கும் இருக்கிறார்கள், மற் துணியும் றெசினும் கடற்றொழில் சாமான் கடைகளில் கிடைக்கும். வெடிப்பைச் சுற்றித் தடிப்பின் 12 மடங்கு தூரத்துக்குச் சாய்வாகத் தேய்த்து, அசற்றோனால் துடைத்து, 450 கிராம் மற் இரண்டு மூன்று அடுக்கு. இங்குள்ள சூட்டுக்குக் கற்றலிஸ்ட் 1 விழுக்காடு போதும், கூட்டினால் அவசரமாக இறுகி நொறுங்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குதிரையின் வயிற்றில், கம்பம் நுழையும் இடத்தில் வெடித்திருந்தால் அது பைபரின் பழுதல்ல. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் கறளாகிப் பருத்து வெளியே தள்ளுகிறது. மேலே மற் ஒட்டி மூடினால் ஆறு மாதத்தில் பிள்ளையோடு குதிரை சரியும். வயிற்றை வெட்டி இரும்பைப் பாருங்கள்.

மின்சாரத்தில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச், மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அமத்திப் பார்த்தல், மழைக்குப் பின் 500 வோல்ற் மெகரால் (மின்காப்பு அளக்கும் கருவி) மோட்டர்ச் சுற்றுகளை அளத்தல் (1 மெக்கோமுக்குக் கீழ் என்றால் ஓட்டக்கூடாது). யாழ்ப்பாணத்தில் சிக்கல் ஏர்த்தில் வரும். இரண்டடி தோண்டினால் சுண்ணாம்புக்கல், கம்பி இறங்காது, பாதிக் கம்பியை வெட்டிவிட்டு மூடிவிடுவார்கள். கோடையில் அந்த மண் உலர்ந்ததும் ஏர்த் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். துளைபோட்டுக் கம்பியை இறக்கி, பென்ரோனைற் களி நிரப்பி, ஒன்றுக்கு மேற்பட்ட கம்பிகளை இணைத்து, ஆனி ஆடி வறட்சியில் அளந்து பார்க்கவும், மாரியில் அளந்த அளவை நம்ப வேண்டாம். சுவிச் பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் மோட்டரை ஓட்டி நிறுத்தும் காந்தச் சுவிச்சின் (கொன்ராக்டர்) வாயில் நசுங்கி மோட்டர் நிற்காமல் ஓடிய சம்பவங்கள் நிறைய. வயர் நுழையும் துளைகளையெல்லாம் கிளாண்ட் போட்டு மூடுங்கள். சுற்றும் விளக்குகளுக்கு 24 வோல்ற்றுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

இனிப் பெயின்ற். மாரி முடிந்து தையில் கழற்றிப் பார்த்தல், மாசியில் திருத்தம், பங்குனியில் பூச்சு, சித்திரை விடுமுறைக்குத் திறப்பு என்று வருடத்தை வைத்துக்கொண்டால் இந்த ஊர்க் காலநிலைக்கு ஒத்துப்போகும். சோளகம் அடிக்கத் தொடங்கியபின் அடிக்கும் பெயின்றுக்குள் உப்பும் புழுதியும் அடைபடும். நீங்கள் நினைத்திருக்கும் நேரம், அதாவது நல்லூருக்கு முந்திய வாரங்கள், வருடத்திலேயே ஆகக் கூடாத நேரம். சுரண்டுவதற்கு முன் உப்பைக் கழுவ வேண்டும், கழுவும் தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது உப்பைப் பூசுவதுதான், பவுசரில் நல்ல தண்ணீர் எடுப்பியுங்கள். மணல்வீசி வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுத்து, அன்றைக்கே துத்தநாக எபொக்சி 60 முதல் 75 மைக்ரோன், நடுவில் எபொக்சி 100 முதல் 150, மேலே பொலியூரெதேன் 50 முதல் 60. பங்குனியிலும் காலையில் இரும்பு பனியில் நனைந்திருக்கும், ஒன்பது மணிக்கு முன் தூரிகை எடுக்க வேண்டாம். குழாய்களுக்குள் கழிவு எஞ்சின் ஒயில் ஊற்றும் வழக்கத்தை விட்டு, வாகன உட்குழிவுக்கு அடிக்கும் மெழுகை வடிதுளை வழியாக அடியுங்கள். வடிதுளையைப் பெயின்றால் அடைத்துவிடாமல் கடைசியில் ஒருமுறை குத்திப் பார்க்கவும்.

திரும்பப் பூட்டியபின் மணல் மூட்டையோடு ஓட்டுங்கள், ஒரு பெரியவருக்கு 75 கிலோ கணக்கு. எல்லாக் கூட்டிலும் சமமாக ஏற்றுவது சோதனையே அல்ல. ராட்டினத்தில் அடுத்தடுத்த 6 கூட்டை நிரப்பி மற்ற 6ஐ வெறுமையாக விட்டு, பாரம் ஒரு பக்கம் கிடையாக நிற்கும்போது மின்சாரத்தைத் துண்டியுங்கள். பிறேக் பிடித்து நிறுத்த வேண்டும். சில்லு தானாக உருண்டால் பிறேக் லைனரோ ஸ்பிரிங்கோ போயிருக்கிறது. அதே நிலையில், மின்சாரம் இல்லாமல் கையால் சுற்றி ஒவ்வொரு கூடாக ஆளை இறக்க எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 12 கூட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் போனால் முறையை மாற்ற வேண்டும். தளமும் பாருங்கள்: மணல் தரையில் ஜக்கின் அடியில் கட்டை போட்டிருந்தால் முதல் மழைக்குப் பின் மட்டம் மாறும். பனங்கட்டை போடுவதென்றால் வெளி வைரப் பகுதி மட்டும், நடுச்சோத்தி ஈரத்தில் உக்கிவிடும்.

தினசரி வேலைக்கு 20 நிமிடம் போதும். மஞ்சள் கோடுகள், கொட்டர் பின்கள், ஒவ்வொரு இருக்கையின் பூட்டையும் கையால் உலுப்பிப் பார்ப்பது, வெறுமையாக மூன்று சுற்று ஓடவிட்டுச் சத்தம் கேட்பது, அவசர நிறுத்தப் பொத்தானை உண்மையிலேயே அமத்துவது. இவற்றைச் சி.ஆர். கொப்பியில் திகதியோடு எழுதிப் பார்த்தவர் கையொப்பமிட வேண்டும், பார்ப்பவரும் ஓட்டுபவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் நல்லது. வரிசையாக "சரி, சரி" என்று மட்டும் நிரம்பிய கொப்பி, பார்க்காமல் எழுதியது. 20 வயது இயந்திரத்தில் வாரத்துக்கு ஒரு குறையாவது எழுதப்பட்டிருக்கும். திருவிழாவின் 25 நாளும் கூட்டம் இரட்டிப்பாகும், அந்த நாட்களில் வாரச் சோதனையையும் தினமும் செய்யுங்கள்.

கையேடு இல்லாததை ஈடு செய்ய, இந்த வருடம் கழற்றும்போதே உங்கள் கையேட்டை எழுதுங்கள். எந்தப் போல்ற் எங்கே, என்ன அளவு, என்ன வகை, எந்தப் பெயரிங் எண். 50 மி.மீ. அச்சுக்கு யூ.சி.பி. 210, 90 மி.மீ. அச்சுக்கு 22218 என்று எண் தெரிந்தால் கொழும்பிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்துவிடும். கியர்பொக்ஸின் வெண்கலச் சில்லு அப்படிக் கிடைக்காது, அது நல்லாயிருக்கும்போதே அளந்து இன்னொன்று வார்த்து வெட்டி வையுங்கள். அந்தக் கியருக்கு ஒயில் வி.ஜி. 460 (ஒயிலின் தடிப்பு எண்). கந்தகம் சேர்ந்த லொறி டிஃப் ஒயிலை ஊற்றினால் வெண்கலத்தைத் தின்றுவிடும்.

நான்கையும் காப்பாற்றத்தான் வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி. குதிரை ராட்டினம் தரையோடு இருப்பது, பாரம் குறைவு, பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போகலாம், அதற்கு வயதெல்லை இல்லை. ராட்டினம் அளவுகளைப் பொறுத்தது, பாரத்தைக் குறைத்து ஓட்டவும் வழி உண்டு. வியன்னாவின் பழைய ராட்டினம் 1897ல் 30 பெட்டிகளோடு கட்டப்பட்டது, 1944ல் எரிந்தது, 1947ல் திரும்பச் சுற்றியபோது 15 பெட்டிகள்தான், இன்றும் அப்படித்தான். உங்களுடையதிலும் ஒன்று விட்டொரு கூட்டைக் கழற்றி 6 கூட்டோடு ஓட்டினால் அச்சுக்கும் ஆரங்களுக்கும் பெரிய ஆறுதல், ஆனால் வெடிப்பும் கறளும் அதனால் குணமாகாது. கப்பலின் கைக்குழாய் மெலிந்திருந்தால் அதைத் திருத்தி ஓட்டுவதை யோசிக்கவே வேண்டாம். கையேடும் வரைபடமும் இல்லாத ஆடும் இயந்திரத்தின் பிரதான கையைப் புதிதாகக் கட்டுவது, புது இயந்திரம் வடிவமைப்பதற்குச் சமம். பிரதேச சபை அனுமதிக் கடதாசி அந்தக் கணக்கைப் போட்டுத் தராது.

கழிப்பதென்று முடிவானால் முழுதாக விற்க வேண்டாம். பழைய இரும்பாகப் போன கப்பல் பெயின்ற் அடித்துக்கொண்டு வேறொரு ஊர்க் கார்னிவலில் வந்து நிற்கும். கைகளையும் தொங்கு அச்சையும் உங்கள் வளவிலேயே காஸ் வைத்து இரண்டு மூன்று துண்டாக வெட்டிய பிறகு இரும்புக்காரரின் லொறியை வரச்சொல்லுங்கள்.